இரண்டு தாய்மாமன், ஒரு கவுன்

போன மாதம் தேனியில் குழந்தைகளுக்குத் துணி தைக்கிற பெண்கள் கூடிய ஒரு நிகழ்ச்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் மகள் வயதுக்காரர்கள். வீட்டிலேயே மோட்டார் வைத்த மிஷின், போனிலேயே ஆர்டர். முதல் பிறந்தநாள் என்றால் குழந்தைக்கும் அப்பா அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் ஒரே துணியில் தைத்துக் கொடுக்கிறார்களாம். ஒரு படத்தைக் காட்டினார்கள். அன்னாசிப்பழம் அச்சடித்த துணியில் ஒரு முழுக் குடும்பம் நின்றது. தாத்தா மட்டும் வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ தவறி வந்துவிட்டவர் மாதிரி நின்றார்.

"இத்தன வருசத்துல நீங்க தச்சதுலயே கஷ்டமானது எதுக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். கல்யாண ரவிக்கை, ஆரி வேலை என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு கவுன்" என்றேன்.

சிரித்தார்கள். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன், பிரியாணி வந்துவிட்டது. பிரியாணி வந்த பிறகு மைக் பிடித்து நிற்பவளை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். நானும் மைக்கை வைத்துவிட்டு இலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் தையல் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் முடித்தேன், பக்கத்துத் தெரு அக்கா ஒருவரிடம் தலையணை உறையாகத் தைத்துத் தள்ளினேன், விரலில் ஊசி ஏற்றிக்கொண்டேன், கல்யாணமாகிக் கம்பம் வந்தேன். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு தையல் கடை இருந்தது. தொட்டில் துணி, ஜபலா, பிறந்தநாள் கவுன், காதுகுத்துக்குப் பட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு வேஷம் எல்லாம் அங்கே தைப்பார்கள். முழங்கால் இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லும்வரை அந்தக் கடையில்தான் இருந்தேன். இப்போது பழனிசெட்டிபட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

கடை முதலாளி பெயர் காசிராஜன். அவருக்குத் தைக்கத் தெரியாது. மிஷினில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காதில் சாக்பீஸ், கழுத்தில் டேப், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. வந்தவர் எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒரே வார்த்தை, "ஆகட்டும்." குமுளிப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் அதையே மலையாளத்தில், "ஆயிக்கோட்டே."

அந்த ஒரு வார்த்தையை அவர் மூன்று விதமாகச் சொல்வார். சட்டென்று சொன்னால் கேட்ட தேதிக்குத் துணி கிடைக்கும். இழுத்துச் சொன்னால் கிடைக்கும், ஆனால் தேதியைக் கேட்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அதை எப்படித் தைப்பது என்று அவருக்கே தெரியாது, பேச்சியம்மாளைத்தான் கேட்க வேண்டும் என்று அர்த்தம். பேச்சியம்மாள் நான்தான். மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு காதைக் கல்லாப் பக்கம் வைத்திருப்பேன். மூன்றாவது விதமான ஆகட்டும் காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடும்.

ஆனால் பிள்ளைகளுக்கு அளவெடுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. டேப்பைப் பார்த்தாலே ஊசி போட வந்திருக்கிறார்கள் என்று அலறுகிற பிள்ளையின் கையிலேயே டேப்பைக் கொடுத்துவிடுவார். "மாமா வயிறு எம்புட்டு இருக்கு, அளந்து சொல்லு ஆத்தா" என்பார். பிள்ளை டேப்பை இழுத்துக்கொண்டு அவரைச் சுற்றி ஓடும். அந்த ஓட்டத்தில் ஒரு நூலால் அதன் மார்பைப் பிடித்து ஒரு முடிச்சு, தோளிலிருந்து முட்டிவரை பிடித்து இன்னொரு முடிச்சு. நூல் என் மேசைக்கு வந்துவிடும். பிள்ளை மட்டும் கடைசியில், "மாமா வயிறு பத்தல" என்று தீர்ப்புச் சொல்லும். டேப்புதான் பத்தவில்லை.

அவர் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். எதிர்க்காமலே ஜெயித்துவிடுவார். ஒருமுறை தேவதானப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். பிறந்த பேரனுக்கு நான் தைத்திருந்த ஜபலாக்களை மேசைமேல் விரித்துப் போட்டார்.

"உள்பக்கத்த வெளிய வச்சுத் தச்சிருக்கீக. இத யாரு பாத்தது?"

பிறந்த பிள்ளைக்கு ஜபலா அப்படித்தான் தைக்க வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. பொத்தான் கிடையாது, பக்கவாட்டில் நாடா. தையல் விளிம்பு வெளிப்பக்கம் நிற்க வேண்டும், உள்ளே போனால் பிஞ்சுத் தோலை அறுக்கும். இதை நான் எடுத்துச் சொன்னேன். பெரியவர் கேட்பதாக இல்லை. பட்டாளத்தில் இப்படி ஒரு சட்டையை யாராவது போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு விளக்கினார்.

முதலாளி சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்க ஒங்க பனியனத் திருப்பிப் போட்டு ஒரே ஒரு நா இருந்து பாருங்க. அதுக்கப்பறம் இத அம்புட்டையும் பிரிச்சுத் தச்சுத் தாரோம்" என்றார்.

பெரியவர் திரும்பி வரவில்லை. சில வாரம் கழித்து அவர் மருமகள் வந்தாள். "எங்க மாமா இப்ப எல்லா பனியனையும் திருப்பித்தான்க்கா போடுறாக. சட்டையும் போடாம வாசல்ல உக்காந்துக்கிறாக. போறவுக வாரவுக கேட்டா நிப்பாட்டி வச்சு விளக்கம் வேற. எங்களால தலகாட்ட முடியல" என்றாள்.

வேஷம் தைப்பது தனிக் கூத்து. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழாவுக்கு ஊர் விளைச்சலையெல்லாம் மேடையேற்றப் போவதாகச் சொன்னார்கள். ஒரு சின்னப் பெண் திராட்சைக் குலையாக வரவேண்டும். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, "ஆகட்டும்" என்றார். ஊதா சாட்டின் துணியில் எலுமிச்சை அளவுக்கு உருண்டைகள் தைத்து, போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சை அடைத்து, ஒரு பச்சைச் சட்டையில் கழுத்திலிருந்து முட்டிவரை தொங்கவிட்டேன். கழற்றித் துவைக்க வசதியாக இருக்கட்டும் என்று உருண்டைகளை அழுத்தினால் மாட்டும், இழுத்தால் கழலும் ஊக்கில் மாட்டியிருந்தேன். அது என் கெட்டிக்காரத்தனம். மேடைக்குப் பின்னால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது வாழைத்தார், அதற்குப் பின்னால் தேங்காய். இரண்டுக்கும் பொழுது போகவில்லை. மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகப் பறித்து விளையாடிவிட்டார்கள். மைக்குக்கு முன்னால் வந்தபோது அந்தப் பெண்மேல் பச்சைச் சட்டையும் கழுத்தில் இரண்டு பழமும்தான் மிச்சம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். பிறகு மைக்கில், "நான் திராட்சத் தோட்டம். அறுவடை முடிஞ்சிருச்சு" என்றாள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

இனி அந்தக் கவுன் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர் முத்துவேல். அவர் தம்பி ஜெயபாலன், எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப் ஓட்டினார். இருவருக்கும் ஒரே தங்கை, செல்வி. செல்விக்கு ஒரே மகள், யாழினி, வயது இரண்டு. அவளுக்கு மொட்டையெடுத்துக் காதுகுத்த நாள் குறித்திருந்தார்கள்.

காதுகுத்தில் தாய்மாமன் எடுத்துக் கொடுக்கும் துணியைப் போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைப்பது எங்கள் வழக்கம். இரண்டு மாமன் இருந்தால் மூத்தவர் மடி என்று பேசி முடித்துவிடுவார்கள். இங்கே பேசுவதுதான் சிக்கல். சில வருஷத்துக்கு முன்னால் ஜெயபாலன் ஜீப்பைப் பின்னால் எடுத்தபோது அண்ணனின் திராட்சைப் பந்தல் கல்தூணில் இடித்துவிட்டார். அறுப்புக்கு நின்ற ஒரு வரிசை அப்படியே சாய்ந்தது. வேண்டுமென்றே இடித்தான் என்றார் அண்ணன். பாதையில் தூணை நட்டது யார் என்றார் தம்பி. அன்றைக்கு நின்ற பேச்சு. ஒரே வீட்டில் இருந்தாலும், "அந்த ஆளத் தண்ணிய எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்று மூன்றாவது ஆள் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

முத்துவேல் ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார். கிளிப்பச்சைப் பட்டு. "எந்தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. என் மடியில இந்தத் துணியிலதான் உக்காரணும்" என்றார். முதலாளி சட்டென்று, "ஆகட்டும்" என்றார். மதியம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஜெயபாலன் வந்திருக்கிறார். அரக்குப் பட்டு. அதே பிள்ளை, அதே நாள், அதே மண்டபம். அதற்கும் ஒரு ஆகட்டும் கிடைத்திருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது மேசைமேல் பச்சையும் அரக்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"மொதலாளி, பிள்ள ஒண்ணுதான" என்றேன்.

"ஒண்ணுதான்."

"ரெண்டு கவுன எப்படிப் போடும்?"

"அது அவுக வீட்டுப் பிரச்சன, பேச்சி. நாம தைக்கிறவுக" என்றார். ஆனால் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

மறுநாள் செல்வியே வந்தாள். முதலாளி டீ குடிக்கப் போகும்வரை எதிர்க்கடை வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ரெண்டு அண்ணனும் துணி குடுத்திருக்காகளாமேக்கா."

"குடுத்திருக்காக."

"யாரு துணியப் போட்டாலும் இன்னொருத்தவுக மண்டபத்த விட்டு எந்திரிச்சுப் போயிருவாக. எங்க வீட்டுக்காரவுக சொந்தம் அம்புட்டும் அங்கன உக்காந்திருக்கும். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க? ரெண்டையும் தைக்க முடியலன்னு சொல்லிருங்களேன். கடைத் துணி எதையாவது போட்டுவிட்டுக்கிறேன்."

"அப்ப ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போவாக" என்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மேசைமேல் நான் தைத்துக்கொண்டிருந்த எச்சில் துணியை எடுத்துச் சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் முளைக்கும் பிள்ளைகளுக்குக் கழுத்தில் கட்டுவது. ஒரு பக்கம் யானை, ஈரமாகிவிட்டால் திருப்பிக் கட்டினால் மறுபக்கம் பூ. அவள் திருப்பத் திருப்ப யானை, பூ, யானை, பூ என்று வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

"காது ரெண்டு இருக்கில்ல" என்றேன்.

ஒரு காது அண்ணன் மடியில், பச்சை வெளியே தெரிய. கவுனைக் கழற்றித் திருப்பிப் போட்டு மறுகாது தம்பி மடியில், அரக்கு வெளியே தெரிய. செல்வி அண்ணன்மார் இருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னாள். தன் துணியில் தன் மடியில் ஒரு காது நிச்சயம் என்றதும், மற்றதைக் கேட்காமலே இருவரும் சரி என்றுவிட்டார்கள்.

சொல்வது சுலபம். தைக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எச்சில் துணி பருத்தி. பட்டு அப்படி இல்லை, இரண்டு பட்டு சேர்ந்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். பிள்ளையை நிற்கவைத்தால் மணி மாதிரி இருக்கும், உட்காரவைத்தால் கவுன் மட்டும் எழுந்து நிற்கும். அதனால் பாவாடைச் சுருக்கத்தைக் குறைத்தேன். ஜரிகை எந்தப் பக்கம் வந்தாலும் மறுபக்கம் உடம்பில் உரசும். ஜரிகையை இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்து, உள்ளே போட ஒரு மெல்லிய பருத்திச் சிம்மீஸ் தைத்தேன். பொத்தானோ ஜிப்போ வைத்தால் ஒரு பக்கம்தான் அழகாக இருக்கும். எனவே முதுகில் திறப்பு, மேலே நாடா. கழுத்தைச் சற்றுப் பெரிதாக வெட்டினேன். இரண்டு துணியையும் கழுத்தில் சேர்த்துத் தைத்து, திறப்பு வழியாகக் கவுனையே திருப்பி எடுத்தபோது உள்ளே ஒரு பிசிறு இல்லை. எது உள், எது வெளி என்று எனக்கே தெரியவில்லை. முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டும்போது, "நம்ம கடையில தச்சது" என்றார். நம்ம பேச்சி தச்சது என்று சொல்லியிருக்கலாம். போகட்டும்.

செல்வி என்னைக் கட்டாயப்படுத்தி விசேஷத்துக்கு அழைத்திருந்தாள். திருப்பிப் போட ஆள் வேண்டுமே. நான் எல்லாவற்றையும் யோசித்துத் தைத்திருந்தேன். சந்தனத்தை யோசிக்கவில்லை.

மொட்டையடித்த தலை நிறையக் கனமாகச் சந்தனம் பூசி யாழினியைக் கொண்டுவந்தார்கள். முத்துவேல் மடியில் பச்சையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஜெயபாலன், தோளில் புதுத் துண்டோடு தன் முறைக்குக் காத்திருந்தார். இருவரும் இரண்டு பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுகுத்துகிற ஆசாரி முதல் காதைக் குத்தினார். யாழினி போட்ட சத்தத்தில் மண்டபத்து நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார்.

நான் கவுனைத் திருப்ப ஓடினேன். அழுத ஆவேசத்தில் அவள் நாடாவைப் பிடித்து இழுத்து முடிச்சை இறுக்கியிருந்தாள். அப்படியே தலைவழியாகத் தூக்கினேன். பாதி வந்தது. ஈரச் சந்தனத்தில் பட்டு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே பார்த்தால் அரக்கு, கீழே பார்த்தால் பச்சை, நடுவில் பிள்ளை முகம் இல்லை. உள்ளேயிருந்து அலறல் மட்டும் வருகிறது.

தையல்காரி நான், இடுப்பில் எப்போதும் சின்னக் கத்தரி இருக்கும். எடுத்தேன்.

"வெட்டாதீக" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. அவரவர் பட்டு அவரவருக்கு.

முத்துவேல் என்னிடம், "அந்த ஆள முடிச்ச அவுக்கச் சொல்லு. ஜீப்புப் படுதாக் கயித்த அவுக்குற கைதான" என்றார்.

நான் ஜெயபாலனிடம், "முடிச்ச அவுக்கணுமாம்" என்றேன்.

ஜெயபாலன் குனிந்து நகத்தால் நோண்டிக்கொண்டே, "பிள்ளைய அசையாம பிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் முத்துவேலிடம் திரும்பி, "அசையாம" என்று ஆரம்பித்தேன். உள்ளே அலறல் சட்டென்று நின்றது.

"ஏலே, சீக்கிரம்டா. பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்று முத்துவேல் கத்தினார்.

"நீ கையத் தளத்துண்ணே. நீ பிடிச்சிருக்க பிடியில எங்கிட்டு வரும்?"

"தளத்திட்டேன்டா. தலைய அமுக்காத."

"அமுக்கல. தூக்கு. இன்னங்கொஞ்சம் தூக்குண்ணே."

முடிச்சு அவிழ்ந்தது. கவுன் வெளியே வந்தது. உள்ளே யாழினி மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்கு முன் அழுததெல்லாம் ஒத்திகை என்பது போல ஆரம்பித்தாள். பிள்ளை அழுவதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அந்த இரண்டு பேரின் வாயைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பச்சை, அரக்கு எதையும் அவள் கிட்டே வரவிடவில்லை. பெரிய மாமன் கழுத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, சின்ன மாமன் கட்டைவிரலை மறுகையால் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்றாள். ஆசாரி வேறு விசேஷத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டார். "யாரு மடியோ. தலைய யாராவது பிடிங்க" என்றார். இரண்டு நாற்காலியையும் ஒட்டிப் போட்டு, ஒருவர் மடியில் பாதியும் மற்றவர் மடியில் பாதியுமாக, சந்தனம் அப்பிய சிம்மீஸோடு இரண்டாவது காது குத்தப்பட்டது. படம் எடுக்கிறவர், "கவுனு போடலையா" என்று கேட்டார்.

பந்தியில் நான் உட்கார்ந்திருந்தபோது கைகழுவும் இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"முடிச்ச இழுத்து இறுக்குனது ஒன் மடியில இருக்கும்போதுதான."

"பின்ன, பிள்ள கைய நானாடா கட்டிப் போடுவேன்? ஒனக்கு எதையும் பாத்துச் செய்யத் தெரியாது. அன்னைக்கும் பாக்காமத்தான வண்டியப் பின்னால எடுத்த."

"தூண எங்க நட்டிருந்த நீயி? பாதையில."

"பாதையா அது? அது நம்ம அய்யா விட்ட வரப்புடா."

சத்தம் ஏறிக்கொண்டே போனது. சம்பந்தி வீட்டு ஆட்கள் சிலர் இலையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பாடுபட்டும் கடைசியில் மண்டபத்தில் சண்டை வந்துவிட்டதே என்று பாதிச் சோற்றில் கையை எடுத்தேன். செல்வி தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எச்சில் கையோடு எழுந்து அவளிடம் போனேன்.

"நான் போயி விலக்கிவிடவா?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கக்கா. பேசட்டும். காதாரக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."